குனியாதே என்று சொன்னவன்

நான் பிசியோதெரபிஸ்ட். தஞ்சை டெல்டாவின் கடைமடைப் பக்கம் ஒரு சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் இடுப்புவலிக்காரர்களே அதிகம்; அதிலும் வயல்வேலை செய்யும் பெண்கள். அவர்களிடம் பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த சில வார்த்தைகள் வலியை நீட்டிக்கக்கூடியவை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். இந்தத் தொழிலில் தெரியாமல் செய்த பிழைகளும் எனக்கு உண்டு. அவற்றை இங்கே எழுதவில்லை. தெரிந்து செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

சொன்னது இதுதான்: "ஜவ்வு விலகியிருக்கும்மா, நரம்பை அழுத்துது. இனிமே குனியக் கூடாது, கொடம் தூக்கக் கூடாது, கீழ உட்காரக் கூடாது. பெல்ட்டைக் கழட்டவே கழட்டாதீங்க. அசட்டையா இருந்தா ஆபரேஷன்தான்." ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி, பேனா முனையால் எல்4-எல்5 இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். ஜவ்வு என்று நான் சொல்வது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டை. மற்ற வட்டுகள் வெளுப்பாகத் தெரிய, அந்த ஒன்று கறுத்துத் தெரியும். வந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்த கணவரோ மகனோ பெருமூச்சு விடுவார். அந்த நொடியில் என் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிடும். அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது.

படத்தில் இல்லாததை நான் சொல்லவில்லை. வட்டு பிதுங்கித்தான் இருந்தது. வலியே இல்லாத எத்தனை பேருக்கு அதே மாதிரி பிதுங்கியிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். 1994-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வெளிவந்தது. முதுகுவலி இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பிற்பாடு 2015-இல், வலியில்லாத 3110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வு, 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டில் தேய்மானம் தெரிவதாகவும், 80 வயதில் அது 96 சதவீதம் ஆவதாகவும் சொன்னது. தலை நரைப்பது மாதிரி உள்ளேயும் நரைக்கிறது. நரைத்த தலையைக் காட்டி யாரையும் படுக்கையில் போட முடியாது. கறுத்த வட்டைக் காட்டி என்னால் போட முடிந்தது.

இன்னொன்றும் படித்திருந்தேன். பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வு, 1995-இல் வெளிவந்தது. திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள். மிச்சமிருந்தவர்களை, வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். படுத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள்.

சென்னையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இவற்றையெல்லாம் பாடமாகவே எடுத்தார்கள். யோஹான் ஃப்ளாயனும் ஸ்டீவன் லின்டனும் 2000-இல் எழுதிய கட்டுரையின் நகல் ஒன்றும் கொடுத்தார்கள். பயமும் தவிர்ப்பும் வலியை எப்படி நாள்பட்டதாக ஆக்குகின்றன என்பது அதன் பொருள். நான் அதைக் கோடு போட்டுப் படித்தேன். ஓரத்தில் குறிப்பு எழுதினேன். ஊருக்கு வந்து மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த மேசைக்கு எதிரில்தான் அந்த அக்கா வந்து உட்கார்ந்தார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். நாற்பதை ஒட்டிய வயது. நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர். வரப்பில் நாற்று முடியைத் தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்திருக்கிறது. படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கிப் பார்த்தேன். வலி காலுக்கு ஓடவில்லை. கால் கட்டைவிரல் பலம் சரியாக இருந்தது. மரத்துப்போன இடம் இல்லை. சிறுநீர், மலம் கழிப்பதில் தொந்தரவு இல்லை. காய்ச்சல் இல்லை, உடம்பு இளைக்கவில்லை, மேலிருந்து விழவில்லை. ஆபத்தைக் காட்டும் அறிகுறி எதுவும் இல்லை. இந்த மாதிரி வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். "பயப்படாதீங்கக்கா, தசை பிடிச்சிருக்கு, மெல்ல மெல்ல வேலைய ஆரம்பிங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஆனால் அவர் கணவர் ஸ்கேன் உறையோடு வந்திருந்தார். கும்பகோணம் போய், கடன் வாங்கி எடுத்த ஸ்கேன். நான் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினேன்.

"எத்தனை நாளைக்கு சார் குனியக் கூடாது?" என்று கேட்டார் அக்கா.

"இனிமே அந்த வேலையே வேண்டாம்கா" என்றேன்.

நடவுக்காரியிடம் குனியாதே என்று சொன்னால், இனி நீ சம்பாதிக்காதே என்று அர்த்தம். இனி நீ உன் சோட்டுப் பெண்களோடு வரிசையில் நிற்காதே என்றும் அர்த்தம். அது எனக்கு விளங்காமல் இல்லை. அவர் முகம் சுண்டியதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, பத்து நாள் கரண்ட் வைக்கச் சீட்டு எழுதினேன். பெல்ட் அளவு எடுக்கச் சொல்லி உதவியாளரிடம் அனுப்பினேன்.

பத்து நாளும் தவறாமல் வந்தார். வலி குறைந்தது. குறையாமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் நடை மாறிக்கொண்டே போனது. கட்டிலிலிருந்து எழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்ற, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தள்ளினார். கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க மகளைக் கூப்பிட்டார். ஃப்ளாயனும் லின்டனும் எழுதியது என் கட்டிலின் மேலேயே நடந்தது. வலி வரும்போது அதைப் பெரிய ஆபத்தாக எண்ணாதவர், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி வேலைக்குத் திரும்புகிறார். ஆபத்து என்று நம்புகிறவர் அசையப் பயப்படுகிறார். எந்நேரமும் இடுப்பையே கவனித்துக்கொண்டிருக்கிறார். தசைகள் இறுகியே கிடக்கின்றன. உழைக்காததால் பலம் இழக்கின்றன. மனம் சோர்கிறது, தூக்கம் கெடுகிறது. முன்பு ஒன்றுமே செய்யாத சின்ன அசைவுகூட இப்போது வலிக்கிறது. வலித்ததும், பார்த்தாயா டாக்டர் சொன்னது சரிதான் என்று பயம் இன்னும் ஊன்றிக்கொள்கிறது.

அந்தச் சுழலுக்குள் முதல் பயம் யார் மூலம் வந்தது என்று தேடினால், அக்காவின் விஷயத்தில் என் குரல்தான் கிடைக்கும். 2013-இல் நியூசிலாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வைப் பின்னால் படித்தேன். முதுகுவலிக்காரர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருந்தார்கள். மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ என்றைக்கோ சொன்ன ஒரு வாக்கியம் அவர்களுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது. முதுகைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லக் கேட்டவர்கள் காலமெல்லாம் கவலையோடு காவல் காத்தார்கள். தைரியம் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்தத் தைரியமும் அதேபோல் தங்கியிருந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் கிளினிக்கைத் திறந்து, முதல் ஆளிடம் பழைய வார்த்தைகளையே சொன்னேன்.

ஏன் என்று என்னை நானே கேட்டதற்கு, நாளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் சனங்கள் ஏற்க மாட்டார்கள் என்பது ஒரு பதில். ஒன்றும் இல்லை, நடங்கள் என்று சொன்னால் அடுத்த தெருவில் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் போய்விடுவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் தொலைக்காட்சி விளம்பரம் மூலமே, முதுகுவலிக்குப் படுத்துக் கிடக்காதீர்கள், வேலையில் இருங்கள் என்று சொன்னார்கள். சனங்களின் நம்பிக்கை மாறியது. பொது மருத்துவர்களின் நம்பிக்கையும் மாறியது. முதுகுவலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. பக்கத்து மாநிலத்தில் அந்த மாற்றம் இல்லை. ஒரு மாநிலமே கேட்டுக்கொண்டதென்றால், என் மேசைக்கு எதிரில் இருந்த ஒருத்தர் கேட்டிருக்க மாட்டாரா? நான் சொல்லிப் பார்க்கவே இல்லை.

காசு இன்னொரு காரணம். பயந்தவர் பத்து நாளும் வருவார். பயம் தெளிந்தவர் ஓரிரு முறையோடு நின்றுகொள்வார். கிளினிக் வாடகை, மெஷின் கடன் தவணை இரண்டும் மாதத் தொடக்கத்தில் வந்து நிற்கும். எந்த நோயாளியையும் இந்தக் கணக்கை நேரடியாக மனதில் வைத்துப் பயமுறுத்தியதில்லை என்றுதான் நினைக்க விரும்புகிறேன். ஆனால் என் வாய்க்குப் பழகிப்போன வார்த்தைகள் எல்லாம், எனக்கு வருமானம் தரும் பக்கமாகவே சாய்ந்திருந்தன.

இந்த இரண்டையும்விடச் சொல்லக் கூசும் காரணம் வேறு. பேசப் பயந்தேன். "உங்களுக்கு இதுல எது ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேட்டால் அவர்கள் இடுப்போடு நிறுத்தமாட்டார்கள். மகள் கல்யாணக் கடன் வரும். குடித்துவிட்டு வரும் புருஷன் வருவார். படுத்துவிட்டால் மாமியார் என்ன சொல்வாள் என்பது வரும். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் வாசலில் வந்து உட்காரும் வியாழக்கிழமை வரும். இவையெல்லாம் வலியின் உள்ளே இருப்பவை என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977-லேயே, நோயை உடம்பும் மனமும் சூழலும் சேர்ந்த ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். ஸ்காட்லாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடல், அதை முதுகுவலிக்குப் பொருத்திக் காட்டுவதில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். எனக்கோ, எதிரில் ஒரு பெண் அழ ஆரம்பித்தால் என்ன செய்வதென்று தெரியாது. கையில் மெஷின் இருந்தால் நாலு பட்டையை ஒட்டிவிட்டு, பொத்தானைத் திருப்பிவிட்டு, திரைக்கு வெளியே வந்துவிடலாம்.

அசைவைக் கண்டு ஏற்படும் பயத்தை அளக்கவே 17 கேள்விகள் கொண்ட டாம்பா அளவுகோல் இருக்கிறது. நான் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை. கபடி ஆடும் ஒரு பையன் முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநாருக்கு அறுவை முடிந்து என்னிடம் வந்தான். தொடைச் சுற்றளவை டேப் வைத்து வாராவாரம் அளந்தேன். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறான் என்று எல்லாம் எழுதினேன். கடைசியில் இரண்டு காலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. "இனி கவனமா ஆடு, இன்னொரு தடவை போச்சுன்னா அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் களத்துக்குத் திரும்பவே இல்லை. உலக அளவில் இந்த அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பழைய தரத்துக்கே ஆடத் திரும்பியவர்கள் 65 சதவீதம். திரும்பாதவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது மறுபடி அடிபடுமோ என்ற பயம் என்பதை இந்தத் துறையில் இன்று யாரும் மறுப்பதில்லை. அந்தப் பையனிடம், பயமாக இருக்கிறதா தம்பி என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா சில வருஷம் கழித்து மறுபடி வந்தார். இப்போது நான் எழுதப்போவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

பெல்ட் நிறம் மங்கிப்போயிருந்தது. நாற்காலியின் விளிம்பில், இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். நடவுக்குப் போவதை நான் முதலில் சொன்ன அன்றோடு விட்டுவிட்டார். வீட்டில் துணி துவைப்பது மகள், தண்ணீர் எடுப்பது மகள். குனியச் சொன்னேன். கை முழங்காலைத் தொடும் முன்பே நின்றுவிட்டார், கண்ணை மூடிக்கொண்டார், மூச்சை அடக்கிக்கொண்டார். மறுபடி எல்லாம் சோதித்தேன். நரம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. இதற்குள் நான் இன்னும் நிறையப் படித்திருந்தேன். வலிக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டுகூட வாங்கியிருந்தேன். அந்தப் பெருமையில், கணவர் பக்கத்தில் நிற்க, சொன்னேன்: "அக்கா, உங்க இடுப்புல ஒண்ணுமே இல்ல. எல்லாம் மனசுல இருக்கிற பயம்தான்."

கணவர் திரும்பி அவரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? நான் இத்தனை நாளா சொல்றதைத்தான் டாக்டரும் சொல்றாரு."

"அப்ப நான் நடிக்கிறேங்கிறீங்களா சார்?" என்றார் அக்கா.

இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் தயாராக இல்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் வரவில்லை.

நான் சொன்னது அறிவியலும் இல்லை. உலக வலி ஆய்வுச் சங்கம் 1979-லேயே, வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் சேர்ந்த அனுபவம் என்று வரையறுத்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதைக் குறிப்பாகச் சேர்த்தது. வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965-இல் காட்டியபடி, தண்டுவடத்துக்கு வரும் சேதிகள் அப்படியே மூளைக்குப் போவதில்லை. வழியில் அவை கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். மூளையிலிருந்து இறங்கும் சேதிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆபத்து என்று மூளை கணிக்கும்போது வலி கூடுகிறது. அப்படிக் கூடிய வலியும் வலிதான்.

1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு சம்பவம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்து, 15 சென்டிமீட்டர் ஆணி மேல் இறங்கிவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி கொஞ்சம் அசைந்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்துப் பூட்ஸைக் கழற்றினார்கள். ஆணி விரல்களுக்கு இடையே புகுந்து போயிருந்தது; காலில் கீறல்கூட இல்லை. அவர் நடித்தார் என்று அந்த மருத்துவர்கள் எழுதவில்லை. அவர் கண்ணால் பார்த்தது ஆணி துளைத்த காலை. வலி அதற்கு ஏற்ற அளவில் வந்தது. அக்கா கண்ணால் பார்த்தது, நான் வெளிச்சப் பெட்டியில் காட்டிய கறுத்த வட்டை. அந்தப் படத்தை அவர் மனதில் மாட்டியது நான். வருஷங்கள் கழித்து அவர் அதே படத்தோடு வந்து நின்றபோது, இது உன் மனசில் இருக்கிறது என்று, ஏதோ அங்கே தானாக முளைத்தது போல, அவர் மேலேயே போட்டுவிட்டேன். "இந்தப் பயத்தைக் கொடுத்தது நான்தான்கா" என்ற வாக்கியம் அன்று என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் கணவர் முன்னால் தலை குனிய வேண்டியவன் நான். அக்காவைக் குனிய வைத்தேன்.

அதன்பின் அக்காவுக்கு என்ன நடந்தது என்பது வேறொரு பெண் மூலம் தெரிந்தது. தோள்வலிக்கு வந்திருந்தார், அதே தெரு. பேச்சுவாக்கில், "அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்களாம்ல சார்? வூட்ல போட்டு அடிக்காத குறை" என்றார். நான் ஒரே ஒருமுறை சொன்ன வாக்கியம் ஒரு தெருவில் தீர்ப்பாகிக் கிடந்தது. வலிக்கிறது என்று அந்த வீட்டில் சொல்லும் உரிமைகூட அவருக்கு இல்லாமல் போயிருந்தது. வலிப்பதைச் சொல்ல முடியாதவர் தனியே பயப்படுகிறார், தனியே சோர்கிறார். அது வலியை இன்னும் கூட்டும் என்பதும் நான் படித்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். சொன்னேன்: முதலில் சொன்னது தப்பு, இரண்டாவதாகச் சொன்னதும் தப்பு. உங்கள் வட்டு இந்த வயதில் பலருக்கும் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. வலி நிஜம். அந்த வலியோடு பயத்தையும் சேர்த்துக் கட்டியது நான். இப்படித்தான், கோர்வையில்லாமல், ஏதோ சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு, "இதை என்கிட்ட சொல்லி என்ன சார் ஆவப்போவுது? எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க. எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக்கொடுப்பது என்றதும் எனக்குள் சுருங்கியது. நான்கு பேர் கைக்குப் போகும். ஸ்கேனுக்கு அனுப்பும் டாக்டர்கள் பார்ப்பார்கள். தாள் கிளினிக்கில் இருக்கிறது, பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சட்டைப்பையில் பேனா இருந்தது. அவர் வீட்டில் பிள்ளைகளின் நோட்டு இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவன் நான்.

அப்புறம் எழுதினேன். என் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து: இவருக்கு இருக்கும் வலி உண்மையானது, இவர் நடிக்கவில்லை, குனியவே கூடாது என்று நான் முன்பு சொன்னது தவறு, படிப்படியாக எல்லா வேலையும் செய்யலாம். கணவரிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்தார்.

பிறகு அக்கா வர ஆரம்பித்தார். மெஷின் எதுவும் வைக்கவில்லை. ஃப்ளாயன் தன் நோயாளிகளிடம் அன்றாட வேலைகளின் படங்களைக் காட்டி, எது கொஞ்சம் பயம், எது பெரும் பயம் என்று வரிசைப்படுத்தச் சொல்வார். அந்தப் படங்களில் அக்காவின் வேலைகள் இருக்காது. நாங்களே உட்கார்ந்து வரிசை எழுதினோம். ஸ்டூலில் இருக்கும் முறத்தை எடுப்பது, அடுப்புக்கு விறகு தள்ளுவது, வாசல் பெருக்குவது, கோலம் போடுவது, அரைக்குடம், முழுக்குடம், கடைசியில் நாற்று முடி. ஒவ்வொன்றும் செய்யும் முன், செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பேன். "சடக்குன்னு ஒடிஞ்சிரும் சார்" என்பார். செய்த பிறகு என்ன ஆனது என்று கேட்பேன். வலித்தது என்பார் சில நாள், ஒடியவில்லை என்பார். வலிக்கலாம்கா, வலிப்பது கிழிவதல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மூச்சை விட்டுக்கொண்டே குனியப் பழக்கினேன். பெல்ட்டைக் கழற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடித்தது. இடையில் அவர் அழுதார். நான் திரைக்கு வெளியே போகவில்லை. அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். அதற்கு எந்தத் திறமையும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் இது ஒன்றுபோல் பொருந்தாது. கால் பலம் குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வலி வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே தைரியம் சொல்லிக்கொண்டிருப்பது கொலைக்குச் சமம். சோதித்துப் பார்த்து, இவை இல்லை என்று தெரிந்துகொண்டபின் நான் என்ன சொன்னேன் என்பதுதான் என் குற்றம்.

அக்கா இப்போது கோலம் போடுகிறார். களை பறிக்கப் போகிறார். வலிக்கிற நாளும் இருக்கிறது. முன்பைப் போல் அன்று படுப்பதில்லை. நடவுக்கு மட்டும் போகவில்லை. அவர் பயம் தெளிந்து வரும்போது எங்கள் பக்கம் இயந்திர நடவு பெருகிவிட்டது. கைநடவுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கைநடவுக்கு ஆள் கிடைக்காமல் தவித்து, கூலியைக் கூட்டிக் கொடுத்த வருஷங்களில் அவர் என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார். அந்தக் கூலியை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. மகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியதற்கும் அந்த இடுப்புதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

பழைய நோட்டுகளில் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் என் கையெழுத்தில், குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. போன் எண் இருப்பவர்களைக் கூப்பிட்டு, வரச்சொல்லி, காசு வாங்காமல் சோதித்து, சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். சிலர் நம்பவில்லை, பழையதைச் சொன்ன நான் சரி, புதியதைச் சொல்கிற நான்தான் ஏதோ தவறு செய்கிறேன் என்று பெல்ட்டோடு திரும்பிப் போகிறார்கள். கேட்டவர்களுக்கு எழுதியும் கொடுக்கிறேன். ஆனால் என்னிடம் ஆள் அனுப்பும் டாக்டர்களின் நோயாளிகளுக்கு மட்டும் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் சொல்கிறேன், தாளில் எழுதத் தயங்குகிறேன். அந்த நோட்டு தனியாக இருக்கிறது.